மாறிப் போட்ட பொத்தான்

சட்டையின் அடியில் ஒரு பொத்தான் மிஞ்சியிருந்தது. அதற்குத் துளை இல்லை. கழுத்தருகில் ஒரு துளை காலியாக இருந்தது. அதற்குப் பொத்தான் இல்லை. நான்கு வயது மகள் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தபடி நின்றாள். என் கணவர் அவளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் அவர் மடியில் இருந்தன. நாங்கள் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. நான் தோளில் பையை மாட்டிக்கொண்டு கதவு நிலையில் நின்றிருந்தேன்.

அந்தச் சட்டையைச் சரிசெய்ய எனக்கு அரை நிமிடம் போதும். மனத்துக்குள் அதை இரண்டு முறை செய்தும் முடித்துவிட்டேன். விரல்கள் துறுதுறுத்தன.

மகள் கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுக்கொண்டே மேலே வந்தாள். கழுத்தருகே வந்ததும் விரல் நின்றது. "அப்பா, இங்கே ஒரு வீடு காலியாக இருக்கிறது" என்றாள். "அப்படியா? யாருடைய வீடு அது?" என்று கேட்டார் அவர். துளைகளை வீடுகளாகவும் பொத்தான்களை ஆட்களாகவும் அவர்கள் இருவரும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. அவள் யோசித்தாள். பிறகு எல்லாப் பொத்தான்களையும் கழற்றினாள். முதல் ஆளை முதல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாள். இன்னும் ஏழு நிமிடம் ஆயிற்று. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அந்தக் கதவு நிலையில் வாயை மூடிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்ததைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பல நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மெய்ப்புத் திருத்துபவள். 11 ஆண்டுகளாக இதுதான் என் தொழில். ஒரு பக்கத்தை எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் என் கண்ணில் படும். தொழிலுக்கு அது நல்லது. அந்தக் கண்ணை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்து, என் கணவர் எங்கள் மகளை வளர்ப்பதைப் பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

தொடக்கம் எல்லா வீடுகளிலும் நடப்பது போலத்தான். மகள் பிறந்து இரண்டு வாரத்தில் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது துணி மாற்றினேன். இரவில் மூன்று முறை எழுந்தேன். அழுகையில் பசி எது, தூக்கம் எது என்று முதல் ஒலியிலேயே பிரித்தறிய முடிந்தது. அதை நான் தாய்மையின் வரம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எல்லாம் பழக்கம்தான். ஆயிரம் முறைக்கு மேல் செய்தவளின் கை அது. அவர் கைக்கு அந்த ஆயிரம் முறை கிடைக்கவில்லை. மாலையில் வந்து அவர் குழந்தையைத் தூக்கினால், அடுத்த நிமிடத்தில் நான் பக்கத்தில் போய் நிற்பேன். தலையைத் தாங்கிப் பிடியுங்கள். இப்படி அல்ல, அப்படி. சரி, கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன். கொடுத்துவிடுவார். ஒவ்வொரு முறை கொடுத்தபோதும் அவர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தடவை குறைந்தது. அவருக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ளும் வாய்ப்பை வாங்கி வைத்துக்கொண்டவளும் நான்தான்.

மகளுக்கு இரண்டரை வயது இருக்கும். ஒருநாள் வீட்டுக்கு வெளியே படியில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அந்தக் கைகளுக்குள் வராமல் விலகி, வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, உள்ளறையில் இருந்த என்னிடம் ஓடிவந்தாள். அவளை அணைத்துக்கொண்டபோது என் மனத்தில் முதலில் எழுந்தது பெருமை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் மற்றதெல்லாம் அந்தப் பெருமையிலிருந்துதான் வந்தது. என்னைத் தவிர வேறு யாராலும் ஆகாது என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. களைத்துப்போய், புலம்பிக்கொண்டே அனுபவிக்கும் சுகம் அது.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு அவர் சொன்னார்: "என்னிடம் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கையை நீட்டிவிட்டேன்."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். பதிலில்லாமல் படுத்திருந்தேன்.

அதன் பிறகுதான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். மகளுக்கு எதைச் செய்யும் முன்னும் அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்தச் சட்டை என்று அலமாரியைத் திறக்கும்போதும், தலை சீவும்போதும், அவள் அடம்பிடித்து அழும்போதும் ஒரு கணம் தலை திரும்பி என்னைத் தேடும். குழந்தை என்ன கேட்கிறாள் என்பதை அவள் முகத்தில் படிக்க வேண்டிய மனிதர், அவள் தலைக்கு மேலாக என்னைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் எது கேட்டாலும் "அம்மாவைக் கேள்" என்பதே பதிலாகிவிட்டது. அந்தப் பார்வையை அவருக்குப் பழக்கியது நான்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, ஒரு பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அவர் மகளோடு இருக்கும்போது நான் எத்தனை முறை திருத்துகிறேன் என்ற கணக்கு. வாயால் சொன்னவை மட்டுமல்ல, சொல்லாமல் செய்தவையும் அதில் அடக்கம். அவர் மடித்துவைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தது ஒரு கோடு. பெருமூச்சு ஒரு கோடு. 17 கோடுகள் வந்தன. துண்டை முதலில் தலைக்குப் போடுங்கள். அந்தச் சட்டை வேண்டாம். தூங்கும் நேரத்தில் சிரிப்புக் காட்டாதீர்கள். கதையை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். இரவில் அவள் எழுந்தால் விளக்கைப் போடாதீர்கள், தூக்கம் கலைந்துவிடும். அந்த 17-ல் ஒன்றே ஒன்றைத்தான் இன்றும் சொல்வேன். அவளைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டுத் துண்டு எடுக்க அவர் அடுத்த அறைக்குத் திரும்பியபோது சொன்னது. சில அங்குலத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் நான் சிவப்பாக நிரப்பிவைத்த ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தார். "இதில் பிழை எத்தனை, உன் விருப்பம் எத்தனை?" என்று கேட்டார். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிழைக்குச் சிவப்பு, எனக்குப் பிடிக்காததற்குப் பென்சில் என்று ஒரு மாதம் இரண்டு நிறத்தில் திருத்தச் சொன்னார். மாத முடிவில் பக்கமெல்லாம் பென்சிலாக இருந்தது. எழுதியவரின் நடையை நான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரப்பரை எடுத்துப் பென்சில் அத்தனையையும் அழிக்கச் சொன்னார். அந்த 17 கோடுகளைப் பார்த்தபோது அவர் குரல்தான் கேட்டது.

பிறகு ஒரு குடும்பவியல் நூல் மெய்ப்புக்கு வந்தது. நான் செய்துகொண்டிருந்ததற்கு ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அதில்தான் படித்தேன்: தாயின் வாயிற்காவல். 1999-ல் சாரா ஆலன், ஆலன் ஹாக்கின்ஸ் என்ற இருவர், கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்த 622 தாய்மாரை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் 21 சதவீதத்தினர் இந்தக் காவல்காரிகள். பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட தாய்மாரைவிட இவர்கள் வாரத்துக்கு 5 மணி நேரம் கூடுதலாகக் குடும்ப வேலை பார்த்தார்கள். அந்த '5 மணி நேரம்' என்ற இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. எனக்கு ஓய்வே இல்லை, எல்லாம் என் தலையில் என்று நான் அழுத இரவுகள் உண்டு. வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் நான், உள்ளே யாரும் உதவிக்கு வரவில்லையே என்று அழுததும் நான்.

இன்னொரு ஆய்வு என்னை வேறு விதமாகத் தொட்டது. ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2010-ல் வெளியிட்டது. குழந்தை பிறந்த முதல் வாரங்களிலும் ஆறாவது மாதத்திலும் தாய் தந்தை இருவரின் இரத்தத்திலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை அளந்திருக்கிறார்கள். பாசத்தோடும் பிணைப்போடும் தொடர்புடைய ஹார்மோன் அது. இரண்டு அளவீட்டிலும் தாய்க்கும் தந்தைக்கும் அளவில் வேறுபாடு இல்லை. வேறுபட்டது குழந்தையோடு பழகும் விதம்தான். தாய்மாரிடம் அந்த ஹார்மோன் அதிகமாக இருந்த இடத்தில் வருடல், உற்றுப் பார்த்தல், கொஞ்சும் பேச்சு ஆகியவை அதிகம். தந்தையரிடம் துள்ளவைத்து விளையாடுவது, தூக்கி அசைப்பது, பொருட்களைக் காட்டுவது ஆகியவை அதிகம். என் கணவர் மகளைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும்போதெல்லாம் "போதும், இறக்குங்கள்" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் தடுத்தது அவர் அன்பு பேசும் மொழியை. (கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்குவது இந்தக் கணக்கில் வராது. அது மூளையைச் சேதப்படுத்தும். எந்தக் கோபத்திலும் எந்த விளையாட்டிலும் கூடாது.)

தாய்மாரை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. குழந்தை தலை கலைந்து, சட்டை அழுக்காக வெளியே போனால் பார்ப்பவர்கள் "அம்மா கவனிப்பதில்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். பக்கத்தில் அப்பாவே கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அதே கேள்விதான். அவர் சீவிவிட்ட தலைக்கு மதிப்பெண் என் பெயரில் விழுகிறது. அப்படியிருக்கும்போது சீப்பைப் பிடுங்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது பெண்தான். நான் கொடுக்கிறேன். ஆனால் அதை விலை என்று ஒப்புக்கொள்ளாமல் 'சும்மா விட்டுவிடு' என்று எளிதாகச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வேலையைத் தட்டிக்கழிக்க வேண்டும் என்றே அரைகுறையாகச் செய்கிற ஆண்களைப் பற்றியும் நான் பேசவில்லை. அது வேறு வழக்கு. குழந்தையை அடிக்கிற, மிரட்டுகிற துணையிடம் யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; மூடிக்கொண்டிருக்கவும் கூடாது.

மகளுக்கு மூன்று வயது முடிந்த நேரத்தில், வேலை விஷயமாக நான் மூன்று நாள் வெளியூர் போக வேண்டிவந்தது. நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதிவைத்தேன். எத்தனை மணிக்கு எழுப்புவது, எந்தப் போர்வை, எந்தக் கதைக்குப் பிறகு எந்தக் கதை என்பதெல்லாம் அதில் இருந்தன. முதல் நாள் நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். நான்காவது முறை அவர் எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். இருவரும் தரையில் படுத்து நிழல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். திரும்பி வந்து பார்த்தால் குறிப்புத் தாள்கள் நான் வைத்த இடத்திலேயே, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. "படிக்கவே இல்லையா?" என்றேன். "முதல் நாள் காலையில் படித்தேன். அப்புறம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்று தோன்றியது" என்றார்.

வீடு தலைகீழாகத்தான் இருந்தது. மகள் நன்றாக இருந்தாள். அதைவிட, அந்த மூன்று நாளில் அவர் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. அவள் கூப்பிட்டால் அவர் தலை நேராக அவள் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அவள் தூங்கிய பிறகு, அமைதியாக. எது சிவப்பு, எது பென்சில் என்று பிரித்தோம். சிவப்பில் மிகச் சிலவே தேறின. தண்ணீர் அருகே தனியாக விடக் கூடாது. வண்டியில் அவளுக்குரிய இருக்கையும் பட்டையும் இல்லாமல் கிளம்பக் கூடாது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒன்று இருந்தது, மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் 1994-ல் அதற்கான பிரச்சாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இதில் அவரவர் நடை என்ற பேச்சே கிடையாது. பிறகு மருந்து. காய்ச்சல் மருந்தை வயதை வைத்து அல்ல, எடையை வைத்து அளக்க வேண்டும். சமையலறைக் கரண்டியில் ஊற்றாமல் அளவு குறித்த சிரிஞ்சில் எடுக்க வேண்டும். பாராசிட்டமால் என்றால் அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி. கொடுத்தவர் உடனே நேரத்தைத் தாளில் எழுதிவிட வேண்டும். நான் கொடுத்தது தெரியாமல் அவரும் கொடுத்துவிடும் ஆபத்து, இருவரும் அக்கறையாக இருக்கும் வீட்டில்தான் அதிகம். அந்தத் தாளில் என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

சிவப்பில் அவர் பக்கமிருந்தும் ஒன்று வந்தது. "நான் அவளுக்கு ஏதாவது சொல்லும்போது அவள் முன்னால் என்னைத் திருத்தாதே." மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மற்றதெல்லாம் பென்சில். அழித்துவிட வேண்டியவை. அழிப்பது எளிதாக இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றால் முகம் பேசிவிடுகிறது. அவர் என் புருவத்தை வாசிக்கத் தெரிந்தவர். ஆகவே அறையைவிட்டு வெளியே போகப் பழகினேன். அவர் மகளைத் தூங்கவைக்கும் நேரத்தில் நான் மாடிக்குப் போய்விடுவேன். முதல் சில வாரம் மாடியில் நின்று கீழே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துப் போனேன், திருத்துவதற்கு அல்ல, படிப்பதற்கு. மகள் பிறந்த பிறகு நான் முழுதாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அது.

போன மாதம் ஒரு நள்ளிரவில் மகள் கெட்ட கனவு கண்டு அலறினாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது முறை அவள் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது: "அப்பா!"

அவர் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார். அடுத்த அறையில் ஸ்விட்ச் போடும் ஓசை. கதவுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. விளக்கைப் போட்டுவிட்டார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் விம்மிக்கொண்டே ஏதோ சொன்னாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கும் சத்தம், அலமாரிக் கதவைத் திறந்து மூடும் சத்தம். "இங்கேயும் யாரும் இல்லை" என்று அவர் சொன்னது கேட்டது. அவள் "திரைக்குப் பின்னால்?" என்றாள். அங்கேயும் போய்ப் பார்த்தார். அவள் சிரித்தாள். தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு படுத்தேன்.

பேச்சு மெல்ல மெல்ல முணுமுணுப்பாகி, பிறகு அவர் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கதவின் அடியில் இருந்த கோடு அணைந்தது.